ஒப்படைப்புக்கு எந்த நூல்? உமறுப் புலவர் காட்டும் வழி

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

பள்ளிக்கூடங்களில் தமிழாசிரியர்கள் மாணவர்களுக்கு ஒப்படைப்பு ஒன்றைத் தருவது வழக்கம். ஒரு நூலையும் சில கவிதைகளையும் தாமே தெரிவு செய்து படித்து, அவை குறித்துக் கட்டுரை எழுதிவர வேண்டும். மாலையில் மதரஸாவுக்கு வரும் பிள்ளைகள், "ஹஜ்ரத், எந்தப் புத்தகத்தை எடுக்கலாம்?" என்று கேட்பர். பெரும்பாலோர் இறுதியில் எடுப்பது, பக்கம் குறைந்ததும் கடையில் எளிதாகக் கிடைப்பதுமான ஏதோ ஒன்றையே.

இதற்குப் பிள்ளைகளை மட்டும் குறைகூற இயலாது. கவிதை நமக்கு உரியதன்று என்ற எண்ணம் சில இல்லங்களில் உண்டு. முஸ்லிம் புலவர்கள் பாடியவை மதநூல்கள், இலக்கியப் பாடத்துக்கு அவை பொருந்தா என்ற எண்ணம் வெளியே சிலரிடம் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் பிள்ளை, தன் முன்னோர் தமிழில் விட்டுச்சென்ற செல்வத்தை அறியாமலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிறது. எனவே இவ்விரு எண்ணங்களையும் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது நம் கடமையாகிறது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். திருக்குர்ஆனின் 26ஆம் அத்தியாயம் 'கவிஞர்கள்' என்னும் பெயரையே தாங்கியுள்ளது. சொல்வதைச் செய்யாத கவிஞர்களை அதன் இறுதி வசனங்கள் கண்டிக்கின்றன. ஆயினும் ஈமான் கொண்டு நற்செயல் புரிவோருக்கு அங்கேயே விலக்கும் அளிக்கின்றன. ஹஸ்ஸான் பின் தாபித் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே கவிதை பாடியவர்கள். கஅப் பின் சுஹைர் (ரலி) அவர்களின் கவிதை, அக்கால அரபு மரபுப்படி, பிரிந்து சென்ற காதலியை எண்ணி வருந்துவதில் தொடங்குகிறது. அதைச் செவிமடுத்த நபி (ஸல்) அவர்கள் தமது போர்வையை அவருக்கு அளித்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். ஆகவே, மார்க்கம் கவிதைக்குக் கதவடைக்கவில்லை. எதைப் பாடுகிறோம், எந்த உள்ளத்தோடு பாடுகிறோம் என்பதையே கேட்கிறது.

இனி இரண்டாவது. தமிழில் முஸ்லிம்களின் இலக்கியப் பணி நேற்றுத் தோன்றியதன்று. 'பல்சந்தமாலை' என்னும் பழைய நூலின் சில பாடல்கள் களவியற் காரிகை உரையின் வாயிலாக நமக்குக் கிடைத்துள்ளன. வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' 1572ஆம் ஆண்டு மதுரையில் அரங்கேறியது. இப்னு சலாம் (ரலி) கேட்ட வினாக்களும் நபி (ஸல்) அவர்கள் அளித்த விடைகளுமாக அமைந்த நூல் அது. அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்த கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, நாமா ஆகிய வடிவங்கள் தமிழின் சிற்றிலக்கியங்களோடு சேர்ந்துகொண்டன. இவற்றை ஒதுக்கிவிட்டால் தமிழிலக்கிய வரலாற்றிலேயே ஒரு பகுதி குறைந்துபோகும்.

இவ்வரிசையில் தலைசிறந்தது உமறுப் புலவரின் சீறாப்புராணம். 17ஆம் நூற்றாண்டில் பிறந்த அப்புலவர், வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் நபிபெருமானாரின் வாழ்வைக் காப்பியமாகப் பாட முற்பட்டார். தமிழ்ப் புலமை அவரிடம் நிறைந்திருந்தது. ஆனால் அரபு மூலங்களில் உள்ள செய்திகள் அவருக்கு வேண்டியிருந்தன. எனவே கீழக்கரையின் பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களை நாடினார் என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. அவர்கள் முதலில் இசையவில்லை என்றும், பின்னர் இசைந்தார்கள் என்றும், பரங்கிப்பேட்டையில் வாழ்ந்த ஆலிம் ஒருவரிடமும் புலவர் சென்று செய்திகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார் என்றும் அச்செய்தி கூறுகிறது. நூல் நிறைவேறுமுன் சீதக்காதி மறைந்தபோது, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் துணைநின்றார்.

மாணவர்கள் இதில் கருத வேண்டியது ஒன்றுண்டு. சொல்வளம் மிக்க அப்பெரும்புலவர், சொல்வளம் மட்டும் போதும் என்று அமைந்துவிடவில்லை. எதைப் பாடுவது என்று முடிவு செய்யுமுன், அதற்கு ஆதாரம் எது என்று வினவினார். அறிந்தவரின் வாயிற்படியில் காத்திருந்தார். நூலைத் தெரிவு செய்வோர்க்கும் இதைவிடச் சிறந்த முறை வேறில்லை.

சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களும் 92 படலங்களும் 5027 விருத்தப்பாக்களும் கொண்டது. நபி (ஸல்) அவர்களின் இறுதிக்காலம் வரை அது செல்லவில்லை. எஞ்சிய வரலாற்றைக் காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா'வாகப் பாடினார். இந்த எண்ணிக்கையைக் கண்டு பிள்ளைகள் அஞ்ச வேண்டுவதில்லை. ஓர் ஒப்படைப்புக்கு ஒரு படலமே போதும். உரையும் உண்டு, கோட்டாற்றுச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் சீறாவுக்கு உரை வகுத்தவர்.

எடுத்துக்காட்டாக, நாட்டுப் படலத்தைப் பார்க்கலாம். அரபு நாட்டைப் பாடும் அப்படலத்தில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. "மக்காவைச் சூழ்ந்த மணல் வெளியில் நெல் விளையுமா?" என்று பிள்ளை கேட்டால், அக்கேள்வியையே கட்டுரையின் தொடக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாட்டு வளம் பாடிக் காப்பியத்தைத் தொடங்குவது தமிழ் மரபு. உமறு அம்மரபைக் கைவிடாமலே, தம் உயிரினும் மேலான நபி பிறந்த மண்ணைத் தாம் அறிந்த வளமனைத்தாலும் அலங்கரித்தார். இதைப் பிழை என்று கொள்வதா, அன்பு என்று கொள்வதா? சிந்திக்கும் மாணவர்க்கு இது ஒன்றே நான்கு பக்கம் எழுதத் தரும்.

மானுக்குப் பிணை நின்ற படலத்தையும் பலர் விரும்பித் தெரிவு செய்கின்றனர். வேடனிடம் அகப்பட்ட மான் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பிவர, நபிகளார் பிணை நின்றதாக அமைந்த படலம் அது. இந்நிகழ்ச்சியைக் கூறும் அறிவிப்புகளின் தரம் குறித்து ஹதீஸ் கலை அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனால் அப்படலத்தைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்துவிட வேண்டுமா? வேண்டாம் என்பதே இவ்வெளியேனின் கருத்து. காப்பியத்தைக் காப்பியமாகப் படிக்கட்டும். ஆதாரப்பூர்வமான ஹதீஸை ஹதீஸாகக் கற்கட்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதிருக்கட்டும். உயிர்களிடத்து இரக்கம் பற்றி வலுவான அறிவிப்புகள் நிறைய உள்ளன. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்ட செய்தியை அப்படலத்தின் அருகில் வைத்து எழுதினால், கட்டுரையும் சிறக்கும். அறிவிப்புகளைத் தரம் பிரித்து அறியும் பழக்கமும் பிள்ளைக்கு இளமையிலேயே வாய்க்கும்.

எல்லாப் பிள்ளைக்கும் காப்பியம் ஏற்காது. உரைநடையை விரும்புவோர்க்குச் சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' உண்டு. கண்டியில் வழக்கறிஞராக விளங்கி, 'முஸ்லிம் நேசன்' இதழையும் நடத்திய அவர், 1885இல் வெளியிட்ட அந்நூல் தமிழின் தொடக்ககாலப் புதினங்களுள் ஒன்று. பெண்பிள்ளைகள் நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தை அவசியம் அறிந்திருக்க வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றுபோன அவ்வம்மையார், 1938இல் 'காதலா கடமையா' என்னும் புதினத்தை வெளியிட்டார். மேல்நிலை வகுப்பினர் தோப்பில் முஹம்மது மீரானின் நாவல்களைப் படிக்கலாம். 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நம் சமூகத்தின் குறைகளையும் ஒளிக்காமல் காட்டும் எழுத்து அவருடையது. குறையைச் சுட்டுவதாலேயே ஒரு நூலை ஒதுக்கிவிடலாகாது.

குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்கள் இனிமையானவை. ஆனால் அவற்றின் ஞானக் குறிப்புகள் சிறுவர்க்கு எளிதில் விளங்கா. இறைவனைக் காதலியாக உருவகித்துப் பாடும் இடங்களை நேர்ப்பொருளாகக் கொண்டால் குழப்பமே மிஞ்சும். அவற்றைத் தெரிவு செய்வோர் விளக்கவல்ல ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது நன்று.

பெற்றோர்களே! நூலைத் தெரிவு செய்யும் வேலையை நீங்களே முடித்துக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று நூல்களைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பக்கம் படிக்கட்டும். எந்தப் பக்கத்தில் கேள்வி எழுகிறதோ அந்த நூலை எடுக்கட்டும். பாட்டிமார் இருக்கும் வீடாயின், அவர்கள் ஓதிப் பழகிய முனாஜாத்தையும் தாலாட்டையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அலமாரியில் அரபுத்தமிழ் நூல்கள் இருப்பின், பழைய தாள் என்று கழித்துவிடாமல் பிள்ளைக்குக் காட்டுங்கள். தமிழ்ச் சொல்லை அரபு எழுத்தில் வடித்த அந்தப் பக்கங்களை வாசிக்கவல்லோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். இன்று கேட்டு வைத்துக்கொள்ளாதவற்றை நாளை கேட்பதற்கு ஆளிருக்காது.

மதிப்பெண் அந்த ஆண்டோடு முடிந்துவிடும். தானே தேடித் தெரிந்து, ஆதாரம் கேட்டு, ஒரு நூலை முழுதாகப் படித்த பழக்கமோ வாழ்நாள் முழுதும் உடன்வரும். பயனுள்ள கல்வியை நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.