மழுங்கிய வாளின் வயசு

ஜெர்மானிய நெடுவாள் பயிற்சியில் இன்று கையாளும் 'ஃபெடர்' வாளை முதலில் பார்த்தப்போ, பாதுகாப்புக்காக நம்ம காலத்தில் கண்டுபிடிச்சதுன்னுதான் நினைச்சேன். தப்பு. யோஆகிம் மேயர் 1570-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் வெளியிட்ட வாள்வீச்சு நூலின் படங்களிலேயே இந்த வடிவம் இருக்கிறது: ஒடுங்கிய அலகு, குறுக்குக் காப்புக்கு மேலே மட்டும் பட்டையாக அகன்ற பகுதி. அதற்கு 'ஷில்ட்' என்று பெயர். அது எடையைக் கைப்பக்கம் நிறுத்துகிறது. அதனால் அலகின் மேல்பகுதியை மெல்லியதாக அடிக்க முடிந்தது. குத்து பட்டால் வளைந்து கொடுக்கும். விளிம்பிலும் கூர் கிடையாது.

ஆக, இது போர்வாளை மழுக்கிச் செய்த போலி இல்லை. பயிற்சிக்குன்றே பிறந்த வாள். படிக்க வந்தவன் உயிரோடு வீடு திரும்பணும்கிற கவலை அன்றைக்கும் இருந்திருக்கு. இதை 'டம்மி வாள்'னு சொல்றதை நான் நிறுத்திட்டேன்.