இறால், கூனி

பத்துக்கால் ஓட்டுயிரிகளுக்குத் தமிழில் வழங்கும் இரு பெயர்கள். இவற்றைப் பிரிப்பது அடுப்படி, விலங்கியல் அல்ல. ஓட்டை உரித்தால் கையில் சதை தங்குமானால் அது இறால். உரிக்க வழியில்லாமல் ஓட்டோடு தின்பது கூனி.

சங்க இலக்கியத்தில் இறால் என்பது தேன்கூட்டைக் குறிக்கும். நெய்தல் பாடல்களில் இவ்வுயிரின் பெயர் இறா, இறவு என வரும். பேச்சில் இன்றும் கேட்கும் ‘எறா’ அந்தப் பழைய வடிவத்துக்கே நெருக்கமானது. தேன்கூட்டுப் பொருள் வழக்கொழிந்தபின் இறால் என்ற சொல் முழுக்கக் கடலுக்குப் போய், தன் எல்லையையும் விரித்துக்கொண்டது: வெள்ளை இறால், வரி இறால், நன்னீர் இறால் மட்டுமன்றி, வேறு குடும்பத்தைச் சேர்ந்த சிங்கி இறாலும் அதனுள் அடக்கம். 2009 முதல் இந்தியப் பண்ணைகளில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட அமெரிக்க இனமும் மீன் சந்தையில் ‘வனாமி இறால்’ ஆகிவிட்டது.

கூனி பெரும்பாலும் அசீட்டெஸ் பேரினத்தைச் சேர்ந்தது. நீளம் இரண்டு முதல் நான்கு செ.மீ. வரை. கரையோரத்தில் கூட்டங்கூட்டமாக வரும்போது சிறுகண் வலையில் அள்ளுவார்கள். பிடித்த உடனே கெடத் தொடங்கும் என்பதால் பெரும்பகுதி வெயிலில் காய்ந்து கருவாடாகிறது. வட தமிழ்நாட்டில் இதன் பெயர் சென்னாக்குனி. சிங்களத்தில் கூனிஸ்ஸோ என்பதும் இதுவே.

கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 70 கி.மீ. உள்ளே, திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் சேத்துப்பட்டு போன்ற ஊர்களில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையானது. அங்கே இறால் என்றால் பனிக்கட்டியில் வந்து எடைபோட்டு விற்கும் மீன்கடைச் சரக்கு, அல்லது ஏரியில் கிடைக்கும் சிற்றிறால். சென்னாக்குனியோ கருவாட்டுக் கடைச் சரக்கு. மண் போக அலசி, வெறும் சட்டியில் வறுத்து, கத்தரிக்காயிலோ முருங்கைக்கீரையிலோ சேர்ப்பார்கள். பொடித்தும் வைப்பதுண்டு. உள்நாட்டுக்காரருக்குச் சென்னாக்குனி ஓர் உயிரின் பெயர் என்பதைவிடப் பதார்த்தத்தின் பெயர். அதை உயிரோடு பார்த்தவர் அங்கே அரிது.

ஆங்கிலத்தின் பிரான், ஷ்ரிம்ப் என்ற இணையை இறால், கூனி என்று நேராகப் பெயர்ப்பது தவறு. பிரிட்டனில் பெரியது பிரான், சிறியது ஷ்ரிம்ப். அமெரிக்காவில் அளவு பாராமல் ஷ்ரிம்ப்தான். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வழக்கில் நன்னீரில் வாழ்வது பிரான், கடலிலும் உவர்நீரிலும் வாழ்வது ஷ்ரிம்ப். இந்திய ஏற்றுமதியாளர் நன்னீர்ப் பேரிறாலை ‘ஸ்காம்பி’ என்கிறார்கள்; ஐரோப்பாவில் அதே பெயரைக் கேட்டால் தட்டில் வருவது சிங்கி இறாலின் உறவான வேறோர் உயிர். ‘இறால் ஏற்றுமதி’ என்று மட்டும் எழுதும் தமிழ்ச் செய்தியாளர் இந்தக் குழப்பத்திலிருந்து தப்பிக்கிறார். ஆனால் எந்த இறால் என்பது வாசகருக்குத் தெரியாமலே போகிறது.

விலங்கியல் நூல்கள் வேறு கோட்டைப் போடுகின்றன. ஒரு பிரிவின் பெண்ணுயிர்கள் முட்டையை நீரில் விட்டுவிடும்; அவற்றின் வாலுடல் வளையங்கள் கூரை ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். மற்றப் பிரிவின் பெண்ணுயிர்கள் முட்டையை வயிற்றடியில் சுமக்கும்; இரண்டாம் வளையம் தன் இருபக்க வளையங்களையும் மூடியிருக்கும். சந்தையில் தலையும் ஓடுமாக வாங்கினால் இதை நாமே பார்த்துக்கொள்ளலாம். இக்கணக்கில் விரல்நுனி அளவுள்ள கூனியும் 30 செ.மீ. தாண்டும் வரி இறாலும் ஒரே பிரிவு. ஏறத்தாழ அதே அளவு வளரும் நன்னீர்ப் பேரிறால் மற்றப் பிரிவு. உருவத்தை வைத்து வந்த பெயர்கள் உறவைச் சொல்வதில்லை.

ஒவ்வாமை விஷயத்தில் மட்டும் இந்தப் பெயர் வேறுபாட்டை நம்பக்கூடாது. இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணமான டிரோபோமயோசின் என்ற புரதம் கூனியிலும் நண்டிலும் உண்டு. காயவைத்தலும் வறுத்தலும் அதை அழிப்பதில்லை. இறால் தின்றால் தடிப்போ மூச்சுத்திணறலோ வருபவர்கள் சென்னாக்குனிப் பொடியையும் தவிர்க்க வேண்டும்.