தொப்புள்கொடியும் அரிவாள்மணையும்

எழும்பூரில் பிரசவ ஆஸ்பத்திரி 1844-லேயே திறந்தாயிற்று. பத்தாண்டு கழித்து, 1854-ல், அங்கே மருத்துவச்சிப் பயிற்சியும் தொடங்கிவிட்டது. அங்கிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில், ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைவித்த சிட்லபாக்கம் போன்ற செங்கல்பட்டு ஜில்லா கிராமங்களின் கதை வேறு. 1931-ல் பக்கத்துத் தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்த பிறகும், நடுச்சாமத்தில் இடுப்புவலி கண்டவளுக்கு ஊர் மருத்துவச்சிதான் கதி.

தமிழகக் கிராமங்களில் இவர்கள் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண்கள். தாய் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தே மகள் தொழில் கற்றாள். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, விரல்களால் அழுத்திப் பார்த்தே தலை இறங்கிவிட்டதா, பிள்ளை குறுக்கே கிடக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். கூலி படிநெல், வெற்றிலை பாக்கு, ஒரு சேலை. பேறு முடிந்ததும் தீட்டு என்று அந்த மருத்துவச்சியையே ஒதுக்கி நிறுத்தவும் ஊர் தயங்கவில்லை.

பிள்ளை குறுக்கே கிடந்தால் கைப்பழக்கம் மட்டும் போதாது. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள், பேறுகாலத்தில் தவித்த மனைவியருக்கு உதவி கேட்டு, அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடரிடம் வந்தார்கள். அவர் அப்போது மருத்துவம் படித்திருக்கவில்லை. மருத்துவரான தந்தையை அனுப்புவதாகச் சொன்னார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மருத்துவம் படித்து 1900-ல் திரும்பிய ஐடா, வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனையை எழுப்பினார்.

சுகப்பிரசவமும் ஆபத்துக்கு விலக்கல்ல. அரிவாள்மணையோ நாவிதர் கத்தியோ தொப்புள்கொடியை அறுக்கும்; அறுத்த இடத்தில் சில ஊர்களில் சாம்பலோ சாணியோ வைப்பார்கள். மண்ணிலும் சாணியிலும் இருக்கும் டெட்டனஸ் கிருமி அந்தப் புண் வழியே ஏறும். சில நாளில் குழந்தைக்குத் தாடை இறுகும், பால் குடிக்காது, உடம்பு வில்லாய் வளையும். கழுவாத கைகளால் தாய்க்குப் பிரசவ ஜன்னி.

ஜப்பானிய விஞ்ஞானி கிடாசாட்டோ டெட்டனஸ் கிருமியைத் தனியே பிரித்துக் காட்டியது 1889-ல். நாட்டு மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்க 1903-ல் விக்டோரியா நினைவு நிதி ஏற்பட்டது. பலன் கிராமம்வரை அதிகம் எட்டவில்லை. 1977-ல் வந்த கிராம சுகாதாரத் திட்டம்தான் ஒரு மாதப் பயிற்சியை நாடெங்கும் பரவலாக்கியது. பிறகு கிராம சுகாதார செவிலியர்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் பொறுப்பை ஏற்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன.

டெட்டனஸாலும் ஜன்னியாலும் நேர்ந்த மரணங்களுக்கு மருத்துவச்சியின் அறியாமையைக் காரணம் சொல்வது வழக்கமாகிவிட்டது. கொதித்த நீர், சோப்பு, புது பிளேடு என்ற மூன்றைச் சொல்லிக்கொடுக்க அவள் வீட்டு வாசலுக்குப் போகாமல் பல பத்தாண்டுகளைக் கடத்திய அரசாங்கத்துக்கே அதில் பெரிய பங்கு.