சுவருக்கு ஒரு பெயர்

ஒரு கட்டடத்தின் சுவரைச் சுட்டி, "இஃது யாது?" என்று வினவினால், கட்டடக் கலைஞர் "வெளிச்சுவர்" என்பர், மேசன் "செங்கற்கட்டு" என்பர், பொருள் விற்பவர் "சுட்ட களிமண்" என்பர். மூவர் கூற்றும் மெய்யே. ஆயினும், மூவரும் தத்தம் ஏடுகளில் வெவ்வேறு பெயரால் எழுதிவைப்பின், ஒருவர் எழுதியதை மற்றவர் தேடிக் காண்பது அரிதாகும்.

இவ்விடரைத் தீர்க்க முற்பட்ட நாடுகளுள் சுவீடன் குறிப்பிடத்தக்கது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் அங்கு கூடிய கட்டடத்துறைக் கூட்டுக்குழு ஒன்று "எஸ். எவ். பி." என்னும் பகுப்பு முறையை வகுத்தது. பிரித்தானியர் அதனை 1961 இல் ஏற்று, 1968 இலும் 1976 இலும் திருத்தி விரிவாக்கினர்.

அதன் நுட்பம் யாது? பாடசாலை நூலகத்தில் ஒரு நூலுக்கு ஒரு தட்டே உரியது. இம்முறையிலோ ஒரு சுவர் மூன்று வினாக்களுக்கு விடை கூறும். அது கட்டடத்தின் எவ்வுறுப்பு? எவ்வாறு கட்டப்பட்டது? எப்பொருளாலானது? வெளிச்சுவருக்கு 21 என்னும் எண். செங்கற்கட்டுக்கு ஓர் எழுத்து. சுட்ட களிமண்ணுக்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த வேறொரு குறி. இம்மூன்றும் சேர்ந்தால், மூவர் கூறிய பெயர்களும் ஒரே வரியில் அடங்கிவிடும்.

பின்னர்க் கணினி வந்தது. 1975 இல் அமெரிக்கப் பேராசிரியர் சாள்ஸ் ஈஸ்ற்மன், கட்டட உறுப்புகளையே கணினியில் பதிந்து, ஒன்றை மாற்றினால் அதனைக் காட்டும் படங்கள் யாவும் மாறும் முறையை விளக்கினார். இன்று "கட்டடத் தகவல் மாதிரி" என வழங்குவதற்கு அஃது ஒரு முன்னோடி. 2013 இல் சருவதேச நியமமாகிய பொதுப் பதிவு முறையொன்றின்படி, கணினிச் சுவர் தன் பண்புகளைத் தானே சுமக்கும்: வெளிப்புறத்ததா, பாரம் தாங்குவதா, தீயை எவ்வளவு நேரம் எதிர்க்கும் என்பன அவற்றுட் சில. பகுப்புக் குறிகளோ தனியே இணைக்கப்படுவன. ஒரே சுவருக்குப் பல நாடுகளின் குறிகளையும் இணைக்கலாம்.

எனினும், ஓர் அலுவலகம் "தீத்தடுப்பு" எனவும், மற்றொன்று "தீயெதிர்ப்பு" எனவும் தம் விருப்பப்படி பதிந்தால், கணினி அவற்றை இரு வேறு பண்புகளாகவே கொள்ளும். மனிதர் ஊகித்து அறிவதை இயந்திரம் அறியாது.

இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. 2017 இல் இலண்டனில் கிறென்பெல் மாடிக் கட்டடம் தீப்பற்றி 72 பேர் மாண்டனர். அதன்பின் யூடித் ஹக்கிற் அம்மையார் 2018 இல் அளித்த அறிக்கை, உயர்ந்த குடியிருப்புகளின் விபரங்கள் முழுமையாகப் பேணப்படாமையைச் சுட்டி, ஒவ்வொன்றுக்கும் தொடர்ச்சியான இலக்கமுறைப் பதிவேடு வேண்டுமென வற்புறுத்தியது. சுவரில் எப்பொருள் பூசப்பட்டது, எக்கதவு எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும் என்பதைக் கட்டியவர் மறைந்த பின்னும் பிறர் அறிதல் வேண்டும்.

கட்டுவோர் மாறுவர், குடியிருப்போர் மாறுவர், எழுதிய பெயர் நிற்கும். அப்பெயர் எல்லோர்க்கும் பொதுவாய் அமையின், அதுவே பின்வருவோர்க்குக் காவலாகும்.