கட்டணமில்லாக் கட்டிலும் காப்புறுதிச் சந்தாவும்

கொழும்புப் புறக்கோட்டையிலே பிரின்ஸ் வீதி என்றொரு சிறு வீதி உண்டு. அவ்வழியே செல்பவர், கைவண்டி இழுக்கும் நாட்டாமைமாருக்கும் மொத்த வியாபாரக் கடைகளின் மூட்டைகளுக்கும் இடையே வழிதேடியே நடத்தல் வேண்டும். அங்கே தூண்கள் தாங்கிய முகப்போடு நிற்கும் ஒல்லாந்தர் காலத்து இல்லம், இன்று அரும்பொருட்சாலை. ஒரு காலத்தில் அது இராணுவ வைத்தியசாலையாகவும் இருந்தது. கொழும்பு மக்கள் பெரியாஸ்பத்திரி என்றழைக்கும் நிலையத்துக்கு முன்னோடியான வைத்தியசாலையும் இதே வீதியிலேதான் இராணுவத்தின் பொறுப்பில் நடைபெற்றது. 1864ஆம் ஆண்டிலே அது மருதானைப் பக்கமாக, லோங்டன் பிளேசுக்கு மாற்றப்பட்டது.

நோயாளிக்காகும் செலவை யார் தருவது? பிரின்ஸ் வீதியிலிருந்து வைத்தியசாலை இடம்பெயர்ந்தது. இக்கேள்வியோ இன்றும் இடம்பெயரவில்லை. வரிப்பணத்திலிருந்து அரசாங்கமே தருவதா, நோயுறுமுன்னரே மக்கள் சிறிது சிறிதாகச் சந்தா செலுத்திக் காப்புறுதி செய்துகொள்வதா என்ற வாதம் இலங்கையிலே மீண்டும் மீண்டும் தலையெடுக்கிறது. இதில் தீர்ப்புக் கூற விரும்புவோர், இந்நாடு முன்னரே எடுத்த முடிபையும் அதனால் விளைந்த நன்மை தீமைகளையும் அறிந்திருத்தல் நன்று.

குடியேற்ற ஆட்சியிலே வறியவருக்கு இலவசம், வசதியுள்ளவருக்குக் கட்டணம் என்பதே பொது வழக்கு. தேயிலைத் தோட்டங்களிலோ வேறொரு முறை நிலவியது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்டத்தோடும் தோட்டத்துரையோடும் பிணைத்தது. சட்டத்தைப் படிப்பவருக்கு அது நல்லேற்பாடாகவே தோன்றும். ஊரவருக்கு இல்லாத மருந்தகம் தோட்டத்தவருக்கு உண்டல்லவா? ஆனால் தொழில்கொள்வோனையே நம்பி நிற்கும் வைத்தியம், அவனுடைய கணக்குப் புத்தகத்தையும் நம்பி நிற்கும். கிராமங்களிலே அரசாங்கச் சுகாதார சேவை விரைந்து வளர்ந்த காலத்தில், தோட்டக் குடும்பங்கள் அச்சேவைக்குப் புறம்பாகவே பல்லாண்டு கிடந்தன. தோட்டத்துச் சிசுமரண வீதம் நாட்டின் சராசரியைவிட நெடுங்காலம் உயர்ந்திருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். தொழிலோடு சேர்ந்த வைத்தியப் பாதுகாப்பைப் புதுமை என்று கொண்டாடுவோர் மலைநாட்டு வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

கிராமத்துச் சேவை வளர்ந்ததற்கு இரு நிகழ்ச்சிகள் துணைசெய்தன. 1931இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி சர்வசன வாக்குரிமை கிடைத்தது. வாக்குக் கேட்டு வந்தவரிடம் மக்கள் வைத்தியசாலை கேட்டனர். அடுத்தது 1934-35இன் மலேரியாக் கொள்ளைநோய். ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களை அது கொண்டுபோயிற்று. 1935ஆம் ஆண்டிலே பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் முதலாண்டு நிறையுமுன் இறந்தன. கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்கு உணவும் மருந்தும் கொண்டு சென்ற இளைஞருள் கலாநிதி என். எம். பெரேராவும் ஒருவர். அவரது பெயர் பின்னரும் வரும். நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

இரண்டாம் உலகப் போரின் இறுதியிலே உலகெங்கும் இப்பொருள் பற்றிய ஆராய்ச்சி நடந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இலேயே நோய்க்காப்புறுதிச் சட்டம் இயற்றியிருந்தார். தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து நிதி செலுத்துவது அதன் முறை. பிரித்தானியாவிலே 1942இல் பெவரிட்ஜ் அறிக்கை வெளிவந்தது. 1948 யூலையிலே தேசிய சுகாதார சேவை, பெரும்பாலும் பொதுவரியையே ஆதாரமாகக் கொண்டு தொடங்கிற்று. இந்தியா அதே 1948இல் தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டம் செய்து ஆலைத் தொழிலாளருக்கு வழிவகுத்தது. இலங்கையில் சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் அமைந்த சமூக சேவை ஆணைக்குழு 1947இல் அறிக்கை விடுத்தது. பின்னர் அவுஸ்திரேலியச் சுகாதாரத் துறையின் தலைவராயிருந்த டாக்டர் கம்ஸ்ரன் வரவழைக்கப்பட்டு, 1950இல் நாட்டின் வைத்திய அமைப்புப் பற்றி அறிக்கை தந்தார்.

இலங்கை ஜெர்மனியின் வழியிற் செல்லவில்லை. 1951ஆம் ஆண்டிலே அரசாங்க வைத்தியசாலைகளின் கட்டணங்கள் நீக்கப்பட்டன. விசித்திரம் யாதெனின், அதே ஆண்டிலே பிரித்தானிய அரசாங்கம் பொய்ப்பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்கத் துணிந்தது. அச்சேவையைத் தோற்றுவித்த அனூரின் பெவன் அதனை எதிர்த்துப் பதவி துறந்தார். ஆசான் கட்டணத்தை நோக்கித் திரும்பிய வேளையில் மாணவன் இலவசத்தை நோக்கி நடந்தான்!

காப்புறுதிச் சந்தா அறவிடுவதற்குச் சம்பளப் பட்டியல் வேண்டும். கெய்சர் வீதியிலே மூட்டை சுமப்பவனுக்கும், நாலாங் குறுக்குத் தெருவிலே வண்டி இழுப்பவனுக்கும், வயலிலே கூலிக்கு நாற்று நடுபவளுக்கும் அத்தகைய பட்டியல் ஏது? அவர்களிடம் சந்தா தண்டுவதற்கான செலவே தண்டிய பணத்தை விழுங்கிவிடும். வரியோ அவர்கள் வாங்கும் சீனியிலும் துணியிலும் ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. ஆகவே இலவச வைத்தியம் என்பது முன்னரே விலை கொடுக்கப்பட்ட வைத்தியம். 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தபோதும், அது முதுமைக்கான சேமிப்பாக அமைந்ததேயன்றி நோய்க்காப்புறுதியாக அமையவில்லை.

ஆயினும் வரியாதாரத்துக்குப் பெருங் குறைபாடு ஒன்றுண்டு: திறைசேரி வாடினால் வைத்தியசாலையும் வாடும். 1971இலே வெளிநோயாளரிடம் இருபத்தைந்து சதம் அறவிடும் முறை கொண்டுவரப்பட்டது. அப்போது நிதியமைச்சராயிருந்தவர் வேறெவருமல்லர். கொள்ளைநோய்க் காலத்தில் மருந்து சுமந்த அதே என். எம். பெரேராதான். அவரை இரக்கமற்றவர் என்று கூறுதல் பொருந்தாது. கணக்கு அவரை அவ்விடத்துக்குத் தள்ளிற்று. விளைவோ, வைத்தியசாலைக்கு வருவோர் தொகை கணிசமாகக் குறைந்தது. கிடைத்த வருமானம் அற்பம். அக்கட்டணம் நிலைக்கவில்லை. காற்பங்கு ரூபா ஒரு பொருட்டா என்று கேட்பவர், தம் சட்டைப்பையைக் கொண்டு பிறர் சட்டைப்பையை அளப்பவராவர்.

1977இன் பின் அரசாங்க வைத்தியர் தம் கடமை நேரத்துக்குப் புறம்பே தனிப்பட்ட முறையில் நோயாளரைப் பார்க்கும் உரிமை பெற்றனர். வசதியுள்ளோர் மாலையிலே பணங் கொடுத்து அதே வைத்தியரைக் காணலாயினர். ஏனையோர் காலையிலே துண்டு எடுத்து வரிசையில் நின்றனர். இன்று நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவிலே பாதியளவு மக்களின் கையிலிருந்தே நேராகச் செல்கிறது. சத்திரசிகிச்சைக் கட்டில் இலவசமே. மருந்துக்கடை, இரத்தப் பரிசோதனை, தனியார் வைத்தியரின் கட்டணம் ஆகியவற்றிலேதான் பெரும்பணம் கரைகிறது. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டு, வார்டிலே படுத்திருந்தவரின் உறவினர் மருந்துத் துண்டோடு கடைகடையாக அலைந்தனர்.

எனவே காப்புறுதி வேண்டுமென்போரின் வாதத்தை இகழ்ந்து தள்ளுதல் நேர்மையன்று. தமிழ்நாட்டிலே 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் வந்தன. பின்னது ஆண்டு வருமானம் 72,000 ரூபாவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கென அமைந்தது. சந்தாவை அரசாங்கமே செலுத்தியது. தனியார் மருத்துவமனையின் வாசலை மிதித்தறியாத ஏழைக்கு அங்கே இருதய சத்திரசிகிச்சை கிடைத்தது. அரசாங்க மருத்துவமனைகளும் அத்திட்டத்திலே சேர்ந்து, தாம் செய்யும் சிகிச்சைக்குப் பணம் பெற்றன. இவை மெய்யான நன்மைகள். ஆனால் இத்தகைய காப்பீடு பெரும்பாலும் கட்டிலோடு நின்றுவிடும். நீரிழிவுக்காரன் மாதந்தோறும் வாங்கும் குளிசைக்கும், காய்ச்சற்காரப் பிள்ளையின் வெளிநோயாளர் சிகிச்சைக்கும் அது எட்டுவதில்லை. இலங்கையரின் கைப்பணம் கரைவதோ பெரிதும் அவ்விடத்திலேதான். மேலும், சிகிச்சைக்குச் சிகிச்சை பணம் வரும்போது, வேண்டாத சத்திரசிகிச்சையும் வேண்டியதாகத் தோன்றக்கூடும். அதனைக் கண்காணிக்கவும் ஆளும் பணமும் வேண்டும்.

இலங்கையிலும் காப்புறுதி முற்றாக இல்லாமலில்லை. அரசாங்க ஊழியருக்கு அக்ரஹார என்ற திட்டம் உண்டு; 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதனை நடத்துகிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்கான சுரக்ஷா காப்புறுதி 2017இலே தொடங்கி, இடையிலே நின்றும் மீண்டும் தொடர்ந்தும் வந்துள்ளது. முன்னதிலே சந்தாவைச் சம்பளத்திலிருந்து கழிக்கலாம். பின்னதிலே திறைசேரி செலுத்துகிறது. சம்பளப் பட்டியல் இல்லாதவரின் சந்தா எவ்வகையிலும் திறைசேரிக்கே திரும்பி வருகிறதென்றால், அப்பணத்தைக் காப்புறுதிக் கந்தோரினூடாக அனுப்புவதா, மருந்தகத்துக்கு நேராக அனுப்புவதா என்பதே மிஞ்சும் வாதம்.

புறக்கோட்டைக் கபோஸ் லேனிலே சுக்கும் திப்பிலியும் வேரும் பட்டையும் விற்கும் நாட்டுமருந்துக் கடைகள் உள. மூட்டை இறக்கிய நாட்டாமை, முதுகு நோவுக்கு அங்கே எண்ணெய் வாங்கிப் பூசிக்கொள்வான். நோவு அடங்காவிடில் மறுநாட் கூலியை இழந்து பெரியாஸ்பத்திரி வரிசைக்குப் போவான். அந்த ஒருநாட் கூலியை எந்தக் காப்புறுதித் திட்டமும் இதுவரை கணக்கிலெடுக்கவில்லை. இலவச வைத்தியமும் எடுத்ததில்லை.