பட்டயம் கடல் கடந்த கதை

1890-இல் லண்டனின் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனம் லூயிஸ் டேவிஸ் ஜோன்ஸ் என்பவரை நியூயார்க்கிற்கு அனுப்பியது. பிரிட்டிஷ் பணம் அமெரிக்க பீர் ஆலைகளையும் ரயில் கம்பெனிகளையும் தேடிப்போன காலம் அது. போட்ட முதலுக்குக் கணக்குப் பார்க்கத் தங்கள் ஊர் ஆளே வேண்டும் என்று முதலாளிகள் நினைத்ததில் வியப்பில்லை. அப்படிப் போனவர்களைக் கேள்வி கேட்க அங்கே சட்டம் ஏதும் இல்லை. ஆறே ஆண்டுகளில் அது மாறியது. 1896-இல் நியூயார்க் மாநிலம் சிபிஏ, அதாவது சான்றுபெற்ற பொதுக் கணக்காளர், என்ற பட்டத்தை உருவாக்கியது. அதைப் பெற விரும்புகிறவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது குடிமகனாகப் போவதாக முறைப்படி அறிவித்திருக்க வேண்டும். பற்று எது, வரவு எது என்று தெரிவதற்கும் குடியுரிமைக்கும் என்ன தொடர்பு? அந்தச் சட்டம் யாரையும் தொழில் செய்யவிடாமல் தடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயருக்குப் பின்னால் அந்த மூன்றெழுத்தைப் போட்டுக்கொள்வதை மட்டுமே அது காவல் காத்தது. ஆனால் கணக்காளர் தொழிலில் கையெழுத்துக்கு மதிப்புத் தருவதே அந்த எழுத்துகள்தானே.

இதே ஆங்கிலேயக் கணக்காளர் மேற்கே போகாமல் கிழக்கே கப்பலேறியிருந்தால் கதை வேறு. 1913-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிச் சட்டம் தணிக்கையாளருக்குத் தகுதியை வரையறுத்தது. இந்நாட்டவர் மாகாண அரசிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அதில் 'வரம்புக்குட்பட்டது' என்று ஒரு வகை இருந்தது. அதை வைத்திருப்பவர் சான்றிதழில் குறித்த மாகாணத்தில், குறித்த மொழியில் உள்ள கணக்குகளை மட்டுமே தணிக்கை செய்யலாம். சென்னை மாகாணத்தில் அப்படிச் சான்று பெற்றவர் பம்பாய் மில் ஒன்றின் ஐந்தொகையில் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் கவர்னர் ஜெனரல் ஓர் அறிவிக்கையில் பெயர் சொல்லும் சங்கத்தின் உறுப்பினருக்கு பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் கதவு திறந்திருந்தது. பிரிட்டனின் பெரிய கணக்காளர் கழகங்கள் இந்த வழியில் உள்ளே வந்தன. ஒருவருடைய பட்டம் கடல் தாண்டிச் செல்லுபடியாகுமா என்பதை முடிவு செய்தது அவருடைய கணக்கறிவு அல்ல, இறங்கும் இடத்தில் யார் ஆட்சி என்பதே என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. கணக்குப் பதிவு எங்கும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் வரிச் சட்டமும் கம்பெனிச் சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு, ஆகவே உள்ளூர்ச் சட்டம் தெரிந்தவரைத்தான் அனுமதிக்க வேண்டும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் 1913-இல் அந்த நியாயம் தலைகீழாக நின்றது. உள்ளூர்ப் பேரேட்டின் மொழி தெரிந்தவருக்கு வேலி, தெரியாதவருக்குத் திறந்த வெளி. இந்தியச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தைப் பார்த்து எழுதியதுதானே, அதனால் லண்டன்காரருக்கு அது புதிதல்லவே என்று வாதிடலாம். அப்படியானால் அதே சட்டத்தைப் படித்த இந்தியரை மட்டும் மாகாண எல்லையில் ஏன் நிறுத்த வேண்டும்? இங்கே முறையான தேர்வு இல்லை என்பது இன்னொரு சமாதானம். 1918-இல் பம்பாயில் அரசுக் கணக்கியல் பட்டயம் வந்ததும் அந்தச் சமாதானம் பலமிழந்தது. அதில் தேறி, அங்கீகாரம் பெற்ற கணக்காளரிடம் மூன்றாண்டு பயிற்சியும் முடித்தவருக்கு நாடு முழுதும் செல்லும் சான்றிதழ் கிடைத்தது. 1920-இல் வரம்புக்குட்பட்ட சான்றிதழ் வழங்குவதையே நிறுத்தினார்கள்.

1949-இல் சுதந்திர இந்தியா பட்டயக் கணக்காளர் சட்டத்தின் மூலம் தன் கழகத்தை அமைத்தது. நம் ஊரில் பட்டயம் என்றால் அரசன் கொடுத்த செப்பேடு நினைவுக்கு வரும். ஆங்கிலேயக் கழகத்துக்கு 1880-இல் விக்டோரியா அரசியின் சாசனம் இருந்தது, இந்தியக் கழகத்துக்கு அப்படி எந்த முடியின் முத்திரையும் இல்லை. ஆனாலும் 'சார்ட்டர்ட்' என்ற சொல் மட்டும் கப்பலிலிருந்து இறங்கி இங்கேயே தங்கிவிட்டது. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு பழைய கணக்கை நேர்செய்தது. இந்தியரைத் தன் கழகத்தில் சேரவிடாமலோ தொழில் செய்யவிடாமலோ தடுக்கும் நாட்டின் குடிமகனுக்கு இங்கும் இடமில்லை. இதைப் பழிவாங்கல் என்று சொல்பவர்கள் உண்டு. நான் இதைப் பேரம் என்பேன், பேரம் பேசக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். எதிர்த்திசைப் பயணம் மெதுவாகத்தான் நடந்தது. பெரும்பாலான தாள்களில் விலக்குப் பெற்று இந்தியக் கணக்காளர் இங்கிலாந்து, வேல்ஸ் கழகத்தில் சேர வழிசெய்த ஒப்பந்தம் கையெழுத்தானது 2008-இல். லண்டன்காரருக்கு ஓர் அறிவிக்கையில் கிடைத்த வழி மறுபக்கம் திறக்க 95 ஆண்டுகள் ஆயின. அப்போதும் மிச்சத் தாள்களை எழுதியாக வேண்டும்.