வாசல் விளக்கு: கீரிப்பாறையை முன்வைத்துச் சில எண்ணங்கள்

கீரிப்பாறையில் வீடு கட்டியிருக்கும் நண்பர் ஒருவர், சாலையிலிருந்து முற்றம் வரை கார் ஏறிவரும் வழிக்கு எத்தகைய விளக்குப் போடலாம் என நம்மிடம் வினவினார். தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க கேள்வி அன்று. ஆயினும் நம் முன்னோர் வீட்டு வெளிச்சத்தை எவ்வாறு கையாண்டனர் என்று எண்ணிப் பார்க்க அது நம்மைத் தூண்டியது.

நெடுநல்வாடையில், மழை மூடிய மாலைப் பொழுதை மகளிர் பூவின் மலர்ச்சி கொண்டு உணர்ந்து இரும்பு விளக்கில் திரி கொளுத்துகின்றனர். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை புகார்க் கடற்கரை விளக்குகளை அடுக்கிச் சொல்கிறது. அப்பம் விற்போர் விளக்கு, மீன்படகின் விளக்கு, பண்டங்காப்போர் விளக்கு, கலங்கரை விளக்கம் என ஒவ்வொன்றும் தன் தொழிலாலேயே பெயர் பெறுகிறது. தொழிலற்ற விளக்கு அங்கே ஒன்றும் இல்லை.

நாஞ்சில் நாட்டிலும் அதுவே மரபு. இரவில் நடப்போர் காய்ந்த தென்னோலையைக் கட்டிச் சூட்டாகக் கொளுத்தி, வீசி வீசிச் செல்வர். காலடி தெரியும், ஆள் கடந்ததும் வழி மீண்டும் இருளும். வீட்டிலோ மாடக்குழியில் எண்ணெய் விளக்கு. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராயிருந்த பத்மநாபபுரத்தின் அரண்மனைப் பூமுகத்தில் இன்றும் தொங்கும் குதிரை விளக்கைப் பலர் கண்டிருப்பீர்கள். அரசர் இல்லத்து முகப்புக்கும் அந்த அளவு வெளிச்சம் போதுமானதாயிற்று.

1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் திருவிதாங்கூரில் இயங்கத் தொடங்கியது. 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. 1970களின் தொடக்கத்தில் கோதையாற்று நீரும் மின்சாரமாயிற்று. எண்ணெய்ச் செலவு என்னும் கட்டுப்பாடு அகன்றபின், ஆளில்லா வழியிலும் விடிய விடிய விளக்கெரிவது இயல்பாகிவிட்டது. குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி தரும் எல்.இ.டி. வந்தபின் சொல்லவே வேண்டா.

கீரிப்பாறையோ காட்டின் ஓரம். அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் மலைக்காடும் அங்கே தொட்டுக்கொண்டு நிற்கின்றன. வெண்ணீல ஒளி பூச்சிகளைப் பெரிதும் ஈர்க்கும். பூச்சிகளைத் தேடித் தவளையும், தவளையைத் தேடிப் பாம்பும் வருவதுண்டு. பாம்புக்கு அஞ்சி ஏற்றிய விளக்கே பாம்பை அழைப்பதாக முடியலாம். ஒளியால் இணை தேடும் மின்மினிக்கும் அவ்வெளிச்சம் பகை.

எனவே நண்பருக்கு நாம் சொன்னவை இவை: முழங்கால் உயரத்திற்கு மேற்படாத விளக்குகள்; ஒளி தரையில் மட்டும் விழுமாறு மேல்மூடி; 3000 கெல்வினுக்கு மிகாத மஞ்சள் ஒளி; ஆளோ வண்டியோ வருகையில் எரிந்து, சற்று நேரத்தில் தானே அணையும் உணரி; இருபருவ மழையையும் தாங்க ஐ.பி.65 தரம். வளைவிலும் படியருகிலும் இருந்தால் போதும். வழி நெடுக வேண்டா.

ரப்பர்ப் பால் குளிர்ந்த வேளையில் நன்றாக வடியும் என்பதால், பால்வெட்டும் தொழிலாளர் விடியுமுன்னே நெற்றியில் விளக்குக் கட்டி மரத்துக்கு மரம் நடக்கின்றனர். வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு ஒளி. பழைய சூட்டின் உண்மையான வழித்தோன்றல் அதுவே எனலாம். அந்த அளவை நம் வாசலும் கற்றுக்கொண்டால், காட்டின் இரவு காட்டுக்கே எஞ்சும்.